முதலில் சீட், அப்புறம் மைல், கடைசியில்தான் கார்டு

கிரெடிட் கார்டில் செலவழித்தால் சேரும், பிறகு காசுக்குப் பதில் விமான டிக்கெட்டுக்குக் கொடுக்கும் மைல்கள் பற்றி என்னிடம் விசாரிப்பவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியில்தான் தொடங்குவார்கள்: "எந்தக் கார்டு வாங்கலாம்?" நான் பதிலுக்கு, "எங்கே போகணும், எத்தனை பேர், எந்த மாசம்?" என்று கேட்பேன். பேச்சை மாற்றுகிறேன் என்று நினைக்கிறார்கள். ஆனால் இந்த மூன்றும் தெரியாமல் யார் கார்டு பெயர் சொன்னாலும் அது குருட்டு யோசனைதான்.

என் அம்மாவுக்கு முழங்கால் சரியாக மடங்காது. எகானமி இருக்கையில் எட்டு மணி நேரம் உட்கார்ந்து வந்தால், இறங்கியபின் அன்றைக்கு முழுக்க நடக்க மாட்டார். படுக்கையாக விரியும் பிசினஸ் வகுப்பு இருக்கையைக் காசு கொடுத்து வாங்கும் வசதி எங்களுக்கு இல்லை. மைல்கள் வழியாகத்தான் அது சாத்தியமானது. அதனால் நானும் என் கணவரும் பல வருடங்களாக இதை வீட்டு வரவு செலவுக் கணக்கின் ஒரு பகுதியாகவே நடத்தி வருகிறோம். அதில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

இந்த மைல்கள் எங்கிருந்து வருகின்றன என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். 1981இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 'அட்வான்டேஜ்' திட்டத்தைத் தொடங்கியபோது, அடிக்கடி பறப்பவர் வேறு நிறுவனத்துக்குப் போய்விடாமல் பார்த்துக்கொள்வதுதான் நோக்கம். எவ்வளவு தூரம் பறந்தோமோ அவ்வளவு மைல். இப்போது விமான நிறுவனங்கள் மைல்களை மொத்தமாக வங்கிகளுக்கு விற்கின்றன. வங்கி அவற்றை நம் செலவுக்கு ஏற்ப நமக்குக் கொடுக்கிறது. அதற்கான காசு, கடைக்காரரிடம் பிடிக்கும் கமிஷனிலிருந்தும், ஆண்டுக் கட்டணத்திலிருந்தும், பில்லை முழுதாகக் கட்டாதவர்கள் தரும் வட்டியிலிருந்தும் வருகிறது. 2020இல் விமானங்கள் தரையில் நின்றபோது, யுனைடெட் நிறுவனம் தன் 'மைலேஜ்பிளஸ்' திட்டத்தையே ஈடாக வைத்து நூற்றுக்கணக்கான கோடி டாலர் கடன் திரட்டியது. அவ்வளவு பெரிய வியாபாரம்.

இது தெரிந்தால் இரண்டு விஷயங்கள் தானாகப் புரியும். மைல் என்பது விமான நிறுவனம் தானே அச்சடிக்கும் பணம். அதன் மதிப்பை அவர்கள் எப்போது வேண்டுமானாலும் குறைக்கலாம். அடுத்தது, வட்டி கட்டுகிறவர்கள் பக்கம் நாம் போய்விட்டால், மற்றவர்கள் பறப்பதற்கு நம் காசு போகிறது.

வட்டியைப் பற்றி இங்கேயே சொல்லி முடித்துவிடுகிறேன். கிரெடிட் கார்டு வட்டி பல நாடுகளில் ஆண்டுக்கு 20 சதவீதத்தைத் தாண்டும். 40 சதவீதத்தைத் தொடும் இடங்களும் உண்டு. கார்டு தரும் மைல்களின் மதிப்போ, நன்றாகப் பயன்படுத்தினாலும், செலவில் இரண்டு மூன்று சதவீதம்தான். ஒரே ஒரு மாதம் 'மினிமம் டியூ' என்ற குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிவிட்டு மீதியைத் தள்ளிப் போட்டால் அந்த மாதத்து லாபம் முழுக்கக் கரைந்துவிடும். பாக்கி வைத்திருக்கும்போது புதிதாக வாங்குபவற்றுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஏறுவது பல கார்டுகளில் விதி. ஏற்கெனவே கார்டு கடன் இருப்பவர்கள் மைல் பக்கமே வர வேண்டாம். கடனை அடைத்துவிட்டு வாருங்கள், மைல்கள் எங்கேயும் போகாது. முழு பில்லும் டியூ தேதியில் வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கழியும்படி செய்துவிட்டுத்தான் எங்கள் வீட்டில் எந்தப் புதுக் கார்டையும் முதல் முறை தேய்ப்போம்.

சரி, சீட் விஷயத்துக்கு வருகிறேன். மைல் கையில் இருப்பதும் டிக்கெட் கிடைப்பதும் ஒன்றல்ல. ஒவ்வொரு விமானத்திலும் குறைந்த மைல் விலையில் விடப்படும் இருக்கைகள் சில மட்டுமே. பல நிறுவனங்கள் பயண நாளுக்கு 330 முதல் 360 நாள்களுக்கு முன் முன்பதிவைத் திறக்கும். அப்போது கொஞ்சம் இருக்கும். அப்புறம் கடைசி இரண்டு வாரத்தில், விற்காமல் மிஞ்சியதிலிருந்து இன்னும் சில வரும். நடுவில் உள்ள மாதங்கள்தான் வறட்சி. பள்ளி விடுமுறையில் போக வேண்டிய குடும்பங்கள் முதல் வாய்ப்பை நம்புவதே நல்லது. தனியாகப் போகிறவர்களுக்குக் கடைசி நேரம் கைகொடுக்கும்.

நான் தேடும் முறை இது. விமான நிறுவனத்தின் தளத்தில், காசுக்குப் பதில் மைலில் தேடும் வசதியைத் தேர்ந்தெடுத்து, முதலில் ஒரே ஒரு பயணிக்கு மட்டும் தேடுவேன். ஆறு பேருக்கு எடுத்த எடுப்பில் தேடினால் பெரும்பாலும் ஒன்றும் காட்டாது, அல்லது ஆறு பேருக்கும் இரண்டு மடங்கு விலை காட்டும். காரணம், குறைந்த விலையில் நான்கு இருக்கைதான் இருக்கிறது என்றால் கணினி அதைப் பிரித்துச் சொல்லாது. எல்லாரையும் சேர்த்து மேல் விலைக்குத் தள்ளிவிடும். ஒருவருக்கு, இருவருக்கு, மூவருக்கு என்று ஏற்றிக்கொண்டே போனால் எந்த இடத்தில் விலை குதிக்கிறது என்று தெரியும். அங்கேதான் நாம் முடிவெடுக்க வேண்டும்: குடும்பத்தை இரண்டு பதிவாகப் பிரிப்பதா, ஒரு நாள் முன்பின் நகர்த்துவதா, வேறு ஊர் வழியாகச் சுற்றிப் போவதா?

எங்களுக்கு அப்படிக் கிடைத்தது பிசினஸ் வகுப்பில் இரண்டே இருக்கைகள். அம்மா அப்பாவுக்கு அவை, எங்களுக்கும் பிள்ளைகளுக்கும் அதே விமானத்தில் எகானமி. அம்மா உடனே, "நீங்கள்லாம் பின்னாடி இடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கிறப்போ நான் எப்படிடி படுத்துக்கிட்டு வர்றது?" என்றார். அப்பாதான், "அவ இத்தனை நாள் உட்கார்ந்து தேடினது உனக்காகத்தான், பேசாம வா" என்று முடித்து வைத்தார். தனித்தனிப் பதிவாக எடுக்கும்போது செய்ய வேண்டிய ஒன்று உண்டு. விமான நிறுவனத்தைக் கூப்பிட்டு, இரண்டு பதிவிலும் இருப்பது ஒரே குடும்பம் என்று குறிப்புப் போடச் சொல்லுங்கள். விமானம் ரத்தாகி வேறு நாளுக்கு மாற்றினால், வயதானவர்கள் மட்டும் தனியாக மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு குறையும்.

ஒரு நிறுவனத்தின் விமானத்தில் ஏற அதே நிறுவனத்தின் மைல்தான் வேண்டும் என்றில்லை. விமான நிறுவனங்களின் பெரிய கூட்டணிகளான ஸ்டார் அலையன்ஸ் 1997இலும், ஒன்வேர்ல்ட் 1999இலும், ஸ்கைடீம் 2000த்திலும் தொடங்கின. ஒரே கூட்டணிக்குள் ஒருவரின் மைலில் இன்னொருவரின் இருக்கையை எடுக்கலாம். இது வெறும் வசதி மட்டுமல்ல, காசும் இதில் அடங்கியிருக்கிறது. லுஃப்தான்சா இருக்கை ஒன்றை அதன் சொந்தத் திட்டமான 'மைல்ஸ் அண்ட் மோர்' வழியாக எடுத்தால், மைல் போக எரிபொருள் கூடுதல் கட்டணம் என்று கணிசமான தொகை கேட்கும். அதே இருக்கையை யுனைடெட் மைலிலோ ஏர் கனடாவின் 'ஏரோபிளான்' பாயின்டிலோ எடுத்தால் அந்தக் கூடுதல் கட்டணம் இல்லை. "மைலில் டிக்கெட் இலவசம்" என்று சொல்கிறவர்கள் பணம் கட்டும் கடைசிப் பக்கத்தைப் பார்க்காதவர்கள். பிரிட்டிஷ் ஏர்வேஸ் நீண்ட தூரப் பயணத்தில் பிசினஸ் வகுப்புக்கு அவியோஸ் (அந்த நிறுவனத்தின் மைல்) போகக் கட்ட வேண்டிய தொகையைப் பார்த்தால், சில நாள்களில் சலுகை விலை டிக்கெட்டே மேல் என்று தோன்றும். எதிர்ப்பக்கமும் உண்டு. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் நீண்ட தூர விமானங்களின் மேல் வகுப்பு இருக்கைகளைப் பெரும்பாலும் தன் 'கிரிஸ்ஃப்ளையர்' உறுப்பினர்களுக்கே வைத்துக்கொள்ளும். அது வேண்டுமென்றால் கிரிஸ்ஃப்ளையர் மைலாகவே சேர்க்க வேண்டும்.

இப்படிப் பயணம் தெரிந்து, சீட் கிடைக்கும் விதம் தெரிந்து, எந்தத் திட்டத்தின் மைல் வேண்டும் என்று தெரிந்தபின் கார்டுக்கு வரலாம்.

கார்டுகள் பொதுவாக இரண்டு வகை. ஒரு விமான நிறுவனத்தின் பெயரிலேயே வருபவை. மைல் நேராக அந்தக் கணக்குக்குப் போகும். மற்றவை வங்கியின் சொந்தப் பாயின்ட் தருபவை. வேண்டும்போது பல விமான நிறுவனங்களில் ஒன்றுக்கு மாற்றிக்கொள்ளலாம். ஊருக்குப் போக ஒரே நிறுவனம்தான் வசதி என்பவர்களுக்கு முதல் வகை சரி, கூடுதல் லக்கேஜ் போன்ற சலுகைகளும் வரும். மற்ற எல்லாருக்கும் நான் இரண்டாவது வகையைத்தான் சொல்வேன். பாயின்ட் வங்கியிலேயே இருக்கும்வரை, ஏதோ ஒரு விமான நிறுவனம் விலையை ஏற்றினாலும் வேறு பக்கம் திரும்பிக்கொள்ளலாம்.

இரண்டாவது வகையில் ஒரு கணக்கைப் போட்டே ஆக வேண்டும். ஒரு கார்டு ஒவ்வொரு 100க்கும் 4 பாயின்ட் என்கிறது, இன்னொன்று 2 பாயின்ட் என்கிறது. முதல் கார்டில் 3 பாயின்டுக்கு 1 மைல், இரண்டாவதில் 1க்கு 1. அப்படியென்றால் பாதிப் பாயின்ட் தரும் இரண்டாவது கார்டுதான் அதிக மைல் தருகிறது. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது பாயின்ட் எண்ணிக்கை, மாற்று விகிதம் உள்ளே எங்கோ இருக்கும். அதைத் தேடிப் படியுங்கள்.

அடுத்தது வெல்கம் போனஸ், அதாவது புதுக் கார்டு எடுத்தவருக்குக் கிடைக்கும் கூடுதல் பாயின்ட். மைல்கள் வேகமாகச் சேரும் இடம் இதுதான். சாதாரண வீட்டுச் செலவில் ஒன்றிரண்டு வருடத்தில் சேருவது, ஒரு நல்ல போனஸில் மூன்று மாதத்தில் வந்துவிடும். குறிப்பிட்ட காலத்துக்குள் குறிப்பிட்ட தொகை செலவழித்தால் போனஸ் என்பதுதான் எல்லா இடத்திலும் அடிப்படை. அந்தத் தொகைக்காகத் தேவையில்லாததை வாங்கினால் கதை முடிந்தது. நாங்கள் செய்வது, எப்படியும் வரப்போகிற பெரிய செலவுக்கு முன்னால் கார்டு எடுப்பது. ஆண்டு இன்சூரன்ஸ் பிரீமியம், பள்ளிக் கட்டணம், பல் சிகிச்சை, மாற்றியே ஆக வேண்டிய ஃபிரிட்ஜ். வருடத்தின் பெரிய செலவுகளை மாதவாரியாக ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். எந்த மாதம் விண்ணப்பிக்கலாம் என்று அந்தத் தாள்தான் சொல்லும்.

நிபந்தனைகளை நான் எழுத்தெழுத்தாகப் படிப்பேன். காலக்கெடு பல வங்கிகளில் கார்டு அனுமதியான நாளிலிருந்து ஓடுகிறது, கார்டு கைக்கு வந்த நாளிலிருந்து அல்ல. தபாலில் பத்து நாள் போனால் அது நம் கணக்கில்தான் குறையும். ஆண்டுக் கட்டணமும், கார்டில் எடுக்கும் ரொக்கமும், வட்டியும் செலவுத் தொகையில் சேராது. வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுத்தால் அந்தத் தொகை கழியும். அதனால் இலக்கைத் தொட்டவுடன் நிற்காமல், கொஞ்சம் தாண்டியே வைப்பேன். அதே கார்டை முன்பு வைத்திருந்தவருக்கு மறுபடி போனஸ் கிடையாது என்பதும் பல இடங்களில் உண்டு.

விண்ணப்பிக்கும் நாளில் சலுகைப் பக்கத்தைத் தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ஒரு வங்கியில் எல்லாம் முடித்தும் எனக்குப் போனஸ் வரவில்லை. கூப்பிட்டபோது, "உங்க கார்டுக்கு அந்த ஆஃபர் இல்லைங்க மேடம்" என்றார் மறுமுனையில் இருந்தவர். நான் சண்டை போடவில்லை. விண்ணப்ப எண், அனுமதியான தேதி, இலக்கைத் தாண்டிய தேதி, அதுவரையிலான மொத்தச் செலவு என்று வரிசையாக வாசித்துவிட்டு, ஸ்கிரீன்ஷாட்டை எங்கே அனுப்ப வேண்டும் என்று மட்டும் கேட்டேன். சற்று நேரம் லைனில் வைத்துவிட்டுத் திரும்பி வந்து மின்னஞ்சல் முகவரி கொடுத்தார். புகார் எண்ணும் வாங்கிக்கொண்டேன். அடுத்த ஸ்டேட்மென்டில் பாயின்ட் வந்தது. அந்த நான்கு தகவல்களும் கையில் இல்லையென்றால் அந்தப் பேச்சு வேறு மாதிரி முடிந்திருக்கும்.

வீட்டில் கணவன் மனைவி இருவருக்கும் வருமானம் இருந்தால், இருவரும் ஒரே நேரத்தில் விண்ணப்பிக்காமல் மாறி மாறி எடுப்பது நல்லது. முதலில் எடுத்தவர் மற்றவரைப் பரிந்துரைத்தால் அதற்கும் சில வங்கிகள் பாயின்ட் தரும். முக்கியமாக, ஒரு நேரத்தில் ஒரு இலக்கை மட்டும் துரத்தினால் வீட்டுச் செலவு இழுபடாது. ஒவ்வொரு விண்ணப்பமும் கிரெடிட் ஸ்கோரில், அதாவது கடன் தரும் முன் வங்கிகள் பார்க்கும் நம் மதிப்பெண்ணில், பதிவாகும். சிறிது காலத்துக்குக் கொஞ்சம் இறங்கும். வீட்டுக் கடன் வாங்கும் யோசனை இருக்கிறதா? அதுவரை புதுக் கார்டே வேண்டாம். கடன் வட்டியில் கால் சதவீதம் கூடினால், அதை ஈடுகட்டும் போனஸ் எந்த வங்கியிலும் இல்லை.

அன்றாடச் செலவில் ஒரு விஷயம் மட்டும் கவனியுங்கள். ஒவ்வொரு கடைக்கும் நான்கு இலக்க வகை எண் ஒன்று உண்டு. 5411 மளிகை, 5812 உணவகம், 5541 எரிபொருள் நிலையம். கூடுதல் பாயின்ட் தருவதும், பாயின்டே கிடையாது என்பதும் இந்த எண்ணை வைத்துத்தான், நாம் என்ன வாங்கினோம் என்பதை வைத்து அல்ல. ஹோட்டலுக்குள் இருக்கும் உணவகத்தில் சாப்பிட்ட பில் தங்குமிடக் கணக்கில் விழலாம். எரிபொருள், வாடகை, வாலட்டில் பணம் ஏற்றுவது ஆகியவற்றைப் பல கார்டுகள் அடியோடு விலக்கி வைத்திருக்கின்றன. பெரிய தொகை கட்டும் முன் அதே இடத்தில் சின்னத் தொகை ஒன்றைக் கட்டி, பாயின்ட் விழுகிறதா என்று பார்த்துக்கொள்வேன்.

மைலை எப்போது செலவழிக்கலாம், எப்போது காசு கொடுக்கலாம் என்பதற்கு ஒரு சின்னக் கணக்குப் போதும். டிக்கெட்டின் காசு விலையிலிருந்து, மைல் டிக்கெட்டுக்கும் கட்ட வேண்டிய வரியைக் கழித்து, மைல் எண்ணிக்கையால் வகுங்கள். விலை 60,000, வரி 12,000, மைல் 40,000 என்றால் ஒரு மைலுக்கு 1.2. எந்த நாட்டுக் காசாக இருந்தாலும் கணக்கு ஒன்றுதான். ஆனால் பிசினஸ் வகுப்பில் இந்தக் கணக்கு நம்மை மயக்கும். காசு விலை மலைபோல் இருப்பதால் ஒரு மைலுக்கு ஐந்தும் ஆறும் வரும். அந்த விலையை நாம் ஒருநாளும் கொடுத்திருக்க மாட்டோம் அல்லவா? அதனால் நான், அந்த வசதிக்காக உண்மையில் எவ்வளவு கொடுத்திருப்பேனோ அந்தத் தொகையை வைத்தே வகுப்பேன். அம்மாவுடைய இருக்கைக்கு நான் போட்ட தொகை வேறு, எனக்கே என்றால் போடும் தொகை வேறு.

இனி மாற்றும் நேரம். வங்கிப் பாயின்டை விமான மைலாக மாற்றிவிட்டால் திரும்ப வராது. சில திட்டங்களுக்குச் சில நொடிகளில் போகும், சிலவற்றுக்கு இரண்டு மூன்று நாள் ஆகும். அதற்குள் பார்த்து வைத்த இருக்கை போய்விடலாம். இதற்கு நான் கண்ட வழி, பயணத்துக்குப் பல மாதம் முன்பே குறைந்தபட்ச அளவு பாயின்டை மட்டும் அனுப்பிப் பார்ப்பது. எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று தெரியும். பெயர் பொருந்துகிறதா என்பதும் தெரியும். பெயரில் இனிஷியல் இருப்பவர்களுக்கு இது மிக முக்கியம். கார்டில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அதன் விரிவு, விமானக் கணக்கில் வேறு வரிசை என்று இருந்தால் மாற்றம் அப்படியே நின்றுவிடும். விமானக் கணக்கைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே தொடங்குங்கள், வங்கியிலும் அதற்கேற்பத் திருத்துங்கள். யாருக்கு டிக்கெட் எடுக்கலாம் என்பதையும் முன்பே பாருங்கள். கிரிஸ்ஃப்ளையரில் நம் மைலில் மற்றவருக்கு டிக்கெட் எடுக்க அவர்களை முதலில் பட்டியலில் சேர்க்க வேண்டும், அதுவும் ஐந்து பேர் வரைதான். சில திட்டங்களில் குடும்பத்தின் மைல்களை ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

சேர்த்து வைத்துக்கொண்டே இருப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். கிரிஸ்ஃப்ளையர் மைல் மூன்று ஆண்டில் காலாவதியாகும். ஏரோபிளானில் 18 மாதம் எந்த நடமாட்டமும் இல்லையென்றால் போய்விடும். அவியோஸுக்கு 36 மாதம். டெல்டாவிலும் யுனைடெட்டிலும் காலாவதி இல்லை, ஆனால் அந்த இரண்டுமே இத்தனை தூரத்துக்கு இத்தனை மைல் என்ற நிலையான பட்டியலைக் கைவிட்டவை. டெல்டா 2015இல், யுனைடெட் 2019இல். விலை அன்றன்றைக்கு மாறும். காலாவதி ஆகாத மைலும் இருந்த இடத்திலேயே தேயும் என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை. எந்தப் பயணத்துக்காகச் சேர்த்தோமோ அதற்கு எடுத்துவிட்டு, அடுத்த பயணத்தை முடிவு செய்தபின் மறுபடி தொடங்குவதுதான் எங்கள் வழக்கம்.

ஆண்டுக் கட்டணம் வரும் மாதத்தை ஒவ்வொரு கார்டுக்கும் காலண்டரில் குறித்து வைத்திருக்கிறேன். அதற்கு ஒரு மாதம் முன்பு, கடந்த வருடம் அந்தக் கார்டு உண்மையில் என்ன கொடுத்தது என்று பார்ப்பேன். விமான நிலையத்தின் ஓய்வறையான லவுஞ்சுக்குப் போகவே இல்லையென்றால் லவுஞ்ச் வசதியின் மதிப்பு சுழியம். கட்டணத்துக்குத் தேறாது என்றால் வங்கியைக் கூப்பிட்டு, கட்டணமில்லாத கார்டாக மாற்ற முடியுமா என்று கேட்பேன். பழைய கணக்கு தொடர்வது கிரெடிட் ஸ்கோருக்கு நல்லது. முடியாது என்றால் மூடிவிடலாம். மூடும் முன் மீதமுள்ள வங்கிப் பாயின்டை ஏதாவது ஒரு விமானத் திட்டத்துக்கு மாற்றிவிடுங்கள். விமானக் கணக்குக்குப் போய்விட்ட மைல் கார்டு மூடினாலும் அங்கேயே இருக்கும். வங்கியில் கிடக்கும் பாயின்ட் பெரும்பாலும் கார்டோடு சேர்ந்து போய்விடும்.